கேஸ் இல்லாமல் எரிந்த எஞ்சின்

11 மார்ச் 2025, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சிலிண்டரில் எரிவாயு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமலே எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைப் பார்ப்பது என் வேலை. ஆபீஸிலிருந்து வரும் வழியில் மேடவாக்கம் ஜங்ஷனில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே திரும்ப முயன்று அப்படியே நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ நகரவில்லை. லேட்டாகிவிட்ட பதற்றத்தில் கல்லூரி லேபுக்குள் ஓடி வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பாதி ஓட்டத்தில் எஞ்சினின் சத்தம் மாறி, பிணைத்த மோட்டார் அதை வெறுமனே சுழற்றும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

என் ப்ராஜெக்ட் பார்ட்னர் தனசேகர் அண்ணா காதை மூடியிருந்த மஃப்பைக் கழற்றினார்.

"இன்னாம்மா, கேஸ் கீதான்னு பாக்கலியா?"

"மறந்துட்டேன் அண்ணா. சாரி."

"நீயா? குளிக்கிறதுக்கு முன்னாடி பக்கெட்ட அளந்து பாக்குற ஆளாச்சே நீ!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்கள் சிவந்திருந்தன. இங்கே வகுப்பு முடிந்ததும் தாம்பரத்தில் கம்பெனி பஸ் பிடித்து மறைமலைநகருக்கு நைட் ஷிஃப்ட் போகிறார். அங்கே எஞ்சின் சோதனை மேடையில் காண்ட்ராக்ட் வேலை. இந்த செமஸ்டரில் எங்கள் மாலைநேர எம்.இ.யை முடித்துவிட்டால் நிரந்தரம், பகல் ஷிஃப்ட். முடிக்காவிட்டால் ஜூன் மாதத்தோடு காண்ட்ராக்டும் முடிகிறது. சொந்த ஊர் கோவளம் பக்கத்து மீனவக் குப்பம். இப்போது மனைவி சரிதாவோடும் கைக்குழந்தையோடும் சேலையூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். குழந்தை விழித்திருக்கும்போது தான் வீட்டில் தூங்குவதாகவும், தான் விழித்திருக்கும்போது குழந்தை தூங்குவதாகவும் ஒருமுறை சொன்னார். அதையும் ஜோக் மாதிரிதான் சொன்னார்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, எங்கள் ப்ராஜெக்டின் கடைசி ரிவியூ. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். "அப்படி என்னதான் பண்றீங்க அங்க? எப்பதான் முடியும்?" தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவளுக்கு மறுபடியும் சொன்னேன். எஞ்சினுக்குள் காற்றை நிறைய விட்டு எரிவாயுவைக் குறைத்தால் செலவும் குறையும், புகையின் நச்சும் குறையும். ஆனால் அவ்வளவு நீர்த்துப்போன கலவையை சாதாரண ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்க முடியாது. பொறி விழும், அப்படியே அணைந்துபோகும். அதனால் ஸ்பார்க் விழுந்த அதே கணத்தில் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரம் முழுவதையும் அந்த இடைவெளியில் கொட்டுகிறோம். அங்கே இருக்கும் வாயு பிளாஸ்மாவாகி, பிளக்கின் நுனியில் குடைந்து வைத்த குழியிலிருந்து ஒரு பீச்சலாக வெளியே பாயும். தீக்குச்சிக்குப் பதில் வெல்டிங் சுடர் மாதிரி.

"அது பத்திக்குதா?" என்றாள் அம்மா.

"பத்திக்குது" என்றேன்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. கேஸ் தீர்ந்த பிறகும் கம்ப்யூட்டர் திரையில் 'எரிந்தது' என்ற எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தனசேகர் அண்ணா உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டார். திரை கொஞ்சம் தாமதமாகக் காட்டியிருக்கலாம். நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

12 மார்ச், புதன்

திரை தாமதமாகக் காட்டாது. அந்த ப்ரோக்ராமை எழுதியவள் நான். மதியம் ஆபீஸில் வரைபடங்களைச் சரிபார்க்கும் நேரத்தில் அதன் வரிகளை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றையும் அந்தந்தச் சுற்றிலேயே கணக்கிடுகிறது. காத்திருக்கும் வரி எதுவும் அதில் இல்லை.

எஞ்சின் தலையில் ஓர் அழுத்த சென்சார் இருக்கிறது. உள்ளே கலவை எரிந்தால் அழுத்தம் எகிறும். வெறும் காற்றை அமுக்கும்போதும் அழுத்தம் ஏறும், ஆனால் அந்த அளவுக்கு ஏறாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு வைத்திருக்கிறேன். பொறி விழுந்த பிறகு சென்சாரின் அளவு கோட்டைத் தாண்டினால் அந்தச் சுற்று எரிந்தது, தாண்டாவிட்டால் எரியவில்லை. நூறு சுற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் எரிந்தால் அந்தக் கலவையில் எஞ்சின் நிலையாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று உள்ளே போகிறது என்பதை லாம்டா என்ற எண்ணால் குறிப்போம். சாதாரண ஸ்பார்க்கில் 1.4 வரைதான் நிலையாக ஓடியது. பிளாஸ்மாவில் பிப்ரவரி நடுப்பகுதி வரை 1.5 கிடைத்தது. பிறகு ஒரே வாரத்தில் 1.8. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று. எங்கள் கைடு ஹர்ஷா சார் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். ஆழமாகக் குழி குடைந்த புதுப் பிளக்தான் காரணம் என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மாலை ஷேர் ஆட்டோவில் டிரைவர் எஃப்.எம். வைத்திருந்தார். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது ஒரு பழைய ஸ்கூட்டர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அது வேகமெடுத்தால் ரேடியோவில் கரகரப்பும் வேகமெடுத்தது. சிக்னலில் அது நின்று உறுமியபோது பாட்டே கேட்கவில்லை.

"பிளக் கேப் போயிருக்கும்" என்று டிரைவர் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "ஊரு ரேடியோவ எல்லாம் கெடுத்துகினு போறான்."

சாதாரண ஸ்கூட்டர் பிளக்கே இவ்வளவு செய்கிறது. எங்களுடையது அதைப் போலப் பல மடங்கு.

புதுப் பிளக் போட்ட அதே நாள்தான் நான் வயர்களை ஒழுங்குபடுத்தினேன். கல்லூரிக்குத் தரச்சான்றுக் கமிட்டி வரப்போகிறது, லேப் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எங்கள் மேடையில் வயர்கள் தலைமுடிச் சிக்கு மாதிரி கிடந்தன. தாம்பரம் மார்க்கெட்டில் கேபிள் டை பாக்கெட் வாங்கி வந்து, எல்லா வயரையும் ஒரே கட்டாக்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு டை போட்டு, நுனியைக்கூட ஒரே அளவில் வெட்டினேன். ஹர்ஷா சார் போட்டோ எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கட்டுக்குள் பிளாஸ்மா பிளக்குக்குப் போகும் கேபிளும் இருக்கிறது, அழுத்த சென்சாரிலிருந்து வரும் மெல்லிய வயரும் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு.

ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யக்கூடாது. முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுத்த பாடம். வயர் கட்டுவதை ஒரு மாற்றம் என்று நான் நினைக்கவே இல்லை. பெருக்கித் துடைப்பதைப் போல என்று நினைத்தேன்.

லேபில் தனசேகர் அண்ணாவிடம் சொல்லவில்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பவள் நான். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

14 மார்ச், வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. உட்கார முடியவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் தோன்றுகிறது. எஞ்சினோடு ஒரு மின்மோட்டார் பிணைத்திருக்கிறோம். எரிவாயு இல்லாமலே அது எஞ்சினைச் சுழற்றும். அப்படிச் சுழலவிட்டு, பிளாஸ்மாவை மட்டும் அடிக்க வேண்டும். உள்ளே எரிய எதுவும் இருக்காது. திரை பூஜ்யம் காட்டினால் நான் வீணாகப் பயந்தேன் என்று அர்த்தம். வேறு எதையாவது காட்டினால், எண்ணப்படுவது தீ இல்லை. பிளாஸ்மாவின் மின் இரைச்சலே அந்த சென்சார் வயருக்குள் எட்டிப்பார்த்துத் தன்னையே எண்ணிக்கொள்கிறது.

ஆனால் தனியாகச் செய்ய முடியாது. உயர் மின்னழுத்தம் இருப்பதால் லேபில் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்பது விதி. அதாவது தனசேகர் அண்ணாவிடம் சொல்லாமல் தெரிந்துகொள்ளவே முடியாது.

இன்று சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையில் பாதி குடித்த டீ. கப் சாயாமல் பிடித்திருந்தார், தூக்கத்திலும். ஹர்ஷா சார் வந்து ஸ்லைடுகளைக் கேட்டார்.

"மிருதுளா, அந்த 1.8 கிராஃபைப் பெருசா போடுங்க. எக்ஸ்டர்னல் அதைத்தான் பார்ப்பாரு. கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் வேற அனுப்பிட்டேன், தெரியுமில்ல?"

"சார், இன்னொரு தடவை ரிப்பீட் பண்ணிப் பார்க்கலாமா?"

"நீங்க நாலு தடவை பண்ணியாச்சு. நாலு தடவையும் ஒரே ரிசல்ட். இதுக்கு மேல பண்ணா எஞ்சினே கோவிச்சுக்கும்."

நாலு தடவையும் ஒரே கட்டு வயர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சார் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார், நாங்கள் உள்ளே இருப்பதை மறந்து. அவருக்கும் அவ்வளவு தூக்கக் கலக்கம்.

புகையில் எரியாத வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அது ஜனவரியில் அளவுத்திருத்தத்துக்குப் போனது. இன்னும் வரவில்லை. எஞ்சினின் இழுவை குறைந்ததைப் பார்த்தோம். எரிவாயுவைக் குறைத்தால் இழுவையும் குறையத்தானே செய்யும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

16 மார்ச், ஞாயிறு

நேற்றும் இன்றும் வீடு. மாடம்பாக்கம் முழுக்க முகூர்த்த நாள் கூட்டம். கோயில் தெருவில் கார்கள் இரண்டு பக்கமும் நின்று, காய்கறி வாங்கி வருவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி. வெயில் இப்போதே இப்படி அடிக்கிறது.

ஸ்லைடு செய்து முடித்தேன். கிராஃபைப் பெரிதாகப் போட்டேன். பார்க்க நன்றாக இருக்கிறது.

நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? சனிக்கிழமை ரிவியூ முடியும். அண்ணா பகல் ஷிஃப்டுக்கு மாறுவார். யாரும் சாகப்போவதில்லை. எங்கள் எஞ்சின் லேபை விட்டு எங்கும் போகப்போவதில்லை. நான் சொன்னால், எண் போகும். இந்த செமஸ்டர் போகலாம். போகப்போவது அவருடைய செமஸ்டர். எனக்கு வேலை இருக்கிறது, அம்மாவின் சம்பளம் இருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப்போனால் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். வயரைக் கட்டியவள் நான், விலை கொடுப்பவர் அவர்.

இப்படியெல்லாம் எழுதினாலும், எனக்கு உண்மையில் எதுவும் தெரியாது என்பதுதான் நிலைமை. தெரியாமல் சொல்வதும் தவறு. தெரியாமல் மறைப்பதும் தவறு. சோதித்துப் பார்க்க வேண்டும்.

17 மார்ச், திங்கள்

சொன்னேன்.

அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். மீன் குழம்புச் சோறு. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதையும் அவர் கவனித்துவிட்டார்.

"இன்னா, மூஞ்சி அப்டி கீது? வூட்ல எதுனா பிரச்சனையா?"

"இல்லண்ணா. கேஸ் இல்லாம ஒரு ரன் போட்டுப் பார்க்கணும்."

"கேஸ் இல்லாம எதுக்கு ரன்னு?"

கேஸ் தீர்ந்த அன்று திரையில் பார்த்ததையும், வயர்க் கட்டையும், ஷேர் ஆட்டோ ரேடியோவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது. அவர் கடைசி வாயை மென்று விழுங்கினார்.

"அஞ்சு நாளிக்கு முன்னாடி வந்து சொல்ற."

"ஆமாண்ணா."

"ரிவியூ முடியட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"அதுக்கு அப்புறம் பார்த்து என்ன பண்றது?"

"அதுக்கப்புறம் பாத்தா எனக்கு வேல இருக்கும்மா! அதான் பண்றது!"

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பக்கத்து லேபிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். ஒரு டப்பாவைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் மேடைக்கு முன்னால் நின்று அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறேன் என்று அப்போதும் தோன்றியது. என்ன பெண் நான்.

திரும்பி வந்தவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிலிண்டர் வால்வை இறுக மூடினார். குழாயில் மிச்சமிருந்த வாயுவையும் வெளியேற்றினார்.

"சந்தேகம் வந்தாச்சுன்னா உன்ன எவனால நிறுத்த முடியும்? போடு ரன்ன. பூஜ்யம் வந்துச்சு, அப்புறம் கீது உனுக்கு."

மோட்டார் எஞ்சினைச் சுழற்றியது. வெறும் காற்றை இழுத்து வெறும் காற்றைத் துப்பும் சத்தம். பிளாஸ்மா ஸ்விட்சைப் போட்டேன். டிக், டிக், டிக் என்று கெப்பாசிட்டர் கொட்டும் ஓசை.

திரையில் எண்கள் ஓடின. எரிந்தது. எரிந்தது. எரிந்தது. நூறு சுற்று முடிந்ததும் கீழே கூட்டுத்தொகை வந்தது. நூற்றில் தொண்ணூற்றேழு.

கேஸ் இல்லை. ஒரு சொட்டு இல்லை. எங்கள் எஞ்சின் அபாரமாக எரிந்துகொண்டிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரே கை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். பிறகு மோட்டாரையும். எல்லாம் நின்றதும் மேலே ஃபேன் ஒன்று மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எனுக்குக் காதுல பட்டுச்சு" என்றார்.

"என்னண்ணா?"

"மிஸ் அடிக்கிறது. 1.6 தாண்டனப்பவே. நடுநடுவுல ஒரு அடி வுட்டுப் போவும். டெய்லி ராத்திரி அதானே என் வேல, எஞ்சின் அடிக்கிறத கேட்டுகினு ஒக்காந்துக்கிறது. மஃப் போட்டிருந்தாலும் ஒடம்புல தெரியும். உன் ஸ்க்ரீனப் பாத்தேன், தொண்ணூத்தேழுன்னு காட்டுச்சு. சரி, மெஷினு தப்பா சொல்லாது, நமக்குத்தான் தூக்கமில்லாம காது அடைச்சிகிச்சின்னு வுட்டுட்டேன்."

"நிஜமாவே அப்படி நினைச்சீங்களா?"

"பாதி" என்றார். "பாதி நெனச்சேன். மீதிப் பாதிய நெனைக்கல."

அவர் கட்டிங் பிளையரை எடுத்தார். டைகளை அவரே வெட்டட்டும் என்று விட்டேன். ஒவ்வொன்றாக வெட்டினார். துண்டுகள் தரையில் தெறித்தன. சென்சார் வயரை மட்டும் பிரித்தெடுத்து, நீளம் போதாமல் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்து, அதன் முதுகின் மேல் போட்டு, ஜன்னல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தோம். பழையபடி சிக்கும் சிடுக்குமாக ஆகிவிட்டது. கேஸ் இல்லாமல் மறுபடி ஒரு ரன். பூஜ்யம். பிறகு கேஸைத் திறந்து 1.8-இல் ஒரே ஒரு ரன். நூற்றில் நாற்பத்திரண்டு.

"பாதிகூட இல்ல" என்றார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஹர்ஷா சார்கிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா, 'இந்தப் பொண்ணுக்கு சந்தேகம் தான் பொழப்பு'ன்னு அனுப்பிடுவாரு."

18 மார்ச், செவ்வாய்

அம்மா காலையில், "இன்னைக்காவது சீக்கிரம் வா" என்றாள். வரவில்லை.

ஹர்ஷா சாரின் அறையில் கமிட்டிக்கான ஃபைல்கள் நாற்காலிகளிலும் அடுக்கியிருந்தன. நின்றுகொண்டே பேசினோம். தனசேகர் அண்ணா சுற்றி வளைக்காமல் சொன்னார். கேஸ் இல்லாமல் தொண்ணூற்றேழு, வயரைப் பிரித்ததும் பூஜ்யம். என் பெயரை எடுக்கவில்லை. வயரைக் கட்டியது நான்தான் சார் என்று நானே குறுக்கிட்டேன். சார் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய அப்ஸ்ட்ராக்டைத்தான் என்று நினைக்கிறேன். அவருக்கும் இது முதல் கான்ஃபரன்ஸ்.

"சனிக்கிழமை வரைக்கும் நீங்க என்கிட்ட வரவே இல்லைன்னு வெச்சுக்கலாமா?" என்றார், மெதுவாக.

"வந்துட்டோமே சார்" என்றார் அண்ணா.

சார் ஒரு ஃபைல் அடுக்கைத் தரையில் இறக்கிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் கோபப்படணும். தெம்பு இல்ல" என்றார். "சரி. பாஸ் பண்ண நம்பர் பெருசா இருக்கணும்னு இல்ல. 1.5ஓ 1.6ஓ, எதுவானாலும் அது ரிசல்ட்தான். ஆனா செட் முழுசா இருக்கணும். எல்லா லாம்டாவுலயும், சாதா ஸ்பார்க், பிளாஸ்மா ரெண்டும். பாதி டேட்டா வெச்சுக்கிட்டு நின்னா எக்ஸ்டர்னல் அடுத்த செமஸ்டர் வாங்கன்னு சொல்லிடுவாரு. நானும் ஒண்ணும் பேச முடியாது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிர்றோம் சார்."

"வெள்ளிக்கிழமை லேப் இல்ல. கமிட்டிக்காகப் பெயிண்ட் அடிக்கிறாங்க. நாளைக்கும் நாளன்னைக்கும்தான்."

இரண்டு மாலை. முதல் தடவை அந்த செட்டை எடுக்க எங்களுக்கு முழு பிப்ரவரியும் ஆனது. பிளக் பிரச்சினை வேறு இருக்கிறது. பிளாஸ்மா ஒவ்வொரு முறை பாயும்போதும் பிளக்கின் முனையைக் கொஞ்சம் தின்கிறது. குழி குடைந்த பிளக்குகளில் தேயாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை நிதானமாகச் செலவழிக்க வேண்டும். அவசரத்தில் நிதானம் எப்படி என்று தெரியவில்லை.

லேபுக்கு வந்ததும் அண்ணா ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு போன் போட்டார். நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு கேட்டார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "தெரியும் சார்... தெரியும் சார்... காண்ட்ராக்ட்டுன்னு தெரியும் சார்" என்று இவர் மூன்று முறை சொன்னது மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு சரிதா அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்று அவர் பாணியிலேயே கேட்டுப் பார்த்தேன், சிரிப்பாரா என்று.

"யாரு, அவனா, இவளா? அவன் பாக்கலாம்னான். இவ, ரெண்டு நாளு ராத்திரி வூட்ல இருப்பியான்னு கேக்குறா." கொஞ்சம் சிரித்தார். "அவளுக்கு அதான் பெரிய நியூஸு."

பிறகு இருவரும் பேசி ஒரு வழி முடிவு செய்தோம். எல்லா எண்ணையும் எடுக்க நேரமில்லை. எங்கே எஞ்சின் தடுமாறத் தொடங்குகிறது என்பதை முதலில் அவர் காதால் பிடிப்பார். மஃப்பைக் கழற்ற வேண்டாம், அவர் சொன்னதுபோல் உடம்பிலேயே தெரியும். அங்கே நெருக்கமாக ரன் எடுப்போம், மற்ற இடங்களில் இடைவெளி விட்டு எடுப்போம். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் கேஸ் இல்லாமல் ஒரு ரன், திரை பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க. அதற்கு நேரம் வீணாகுமே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"வயர் இப்டியே கெடக்கட்டும்" என்றார். "எவனாவது வந்து கேட்டா, கமிட்டியோ எவனோ, இதான் நீட்டுன்னு சொல்லு."

முடியுமா என்று தெரியவில்லை. முடியாமல் போனால் அவருக்கு ஜூன் எப்படிப் போகும் என்பதும் தெரியவில்லை. புதன்கிழமையே சொல்லியிருந்தால் எங்களுக்கு இன்னும் மூன்று மாலை இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அம்மா கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். கண் சொக்குகிறது.

ஸ்லைடிலிருந்து அந்த கிராஃபை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் இப்போது காலியாக இருக்கிறது.

நாளை: ஆபீஸில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். வெயில் தாழ்வதற்குள் லேபுக்குப் போய், எதையும் தொடுவதற்கு முன்னால் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். கடைசிப் பிளக்கை மாட்டி, கேஸ் இல்லாமல் ஒரு ரன். பூஜ்யம் வந்தால் 1.3-இலிருந்து தொடங்க வேண்டும்.